மதுரை வட்டாரத்தில் புதிய பூச்சிச் சிற்றினத்தைக் கண்டறிந்து விவரிக்கும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் கரடுகளிலும் இதுவரை பெயர் பெறாத பூச்சிகள் இருக்கின்றனவா என்று கேட்பவருக்கு, இருக்கின்றன என்று தயங்காமல் விடை சொல்லலாம். உலகில் இன்றுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட பூச்சிச் சிற்றினங்கள் ஏறத்தாழ 10 இலட்சம். மொத்தம் 55 இலட்சம் அளவுக்கு இருக்கலாம் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. ஆகவே பெயரில்லாத ஒன்று கையில் சிக்குவது அவ்வளவு அரிதன்று. அந்தப் பூச்சியை 1758 முதல் இன்றுவரை உலகில் எவரும், எந்த நாட்டு இதழிலும், எந்தப் பெயரிலும் விவரிக்கவில்லை என்று நிறுவுவதுதான் அரிது. லின்னேயசின் ‘சிஸ்டெமா நேச்சுரே’ 10ஆம் பதிப்பு வெளிவந்த அந்த ஆண்டையே விலங்குப் பெயரிடலின் தொடக்கமாகப் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு கொள்கிறது. அதற்குப் பின் வந்த அத்தனை விவரணைகளுக்கும் நீங்கள் பொறுப்பாளி. ஓர் உயிரினம் பிடிபட்ட நாளுக்கும் அது விவரிக்கப்பட்ட நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கடந்திருப்பதாக 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த 21 ஆண்டுகளும் பெரும்பாலும் பெட்டிக்குள் காத்திருந்த காலமே. ஆதலால் வலையையும் விளக்கையும்விட ஒப்பீட்டுக்கே இந்த வழிகாட்டி கூடுதலாக இடம் தருகிறது.

எந்தக் குழுவை எடுப்பது

‘பூச்சிகளை ஆராய்கிறேன்’ என்று பொதுவாகத் தொடங்குபவர் எங்கும் போய்ச் சேருவதில்லை. ஒரு குடும்பத்தை, முடிந்தால் ஒரு பேரினத்தை எடுத்துக்கொண்டு, அதில் இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவை அனைத்தையும் அறிந்துகொள்வதே முதற்படி. பட்டாம்பூச்சிகளும் தட்டான்களும் கண்ணைக் கவரும். ஆனால் தட்டான்களைப் பொறுத்தவரை ஃப்ரேசர் என்ற ஆய்வாளர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் எழுதிச் சென்றுவிட்டார், அவருக்குப் பின்னும் பலர் உழைத்திருக்கிறார்கள். மலைப்பகுதிகளில் இன்றும் புதிய தட்டான்கள் கிடைக்கின்றன என்றாலும், சமவெளியில் தொடங்குபவருக்கு அது நல்ல களமன்று. தத்துப்பூச்சிகள், இலைப்பேன்கள், இலைகளில் கொப்புளம் உண்டாக்கும் சிறு ஈக்கள், சருகுக்கடியில் வாழும் வண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒட்டுண்ணிக் குளவிகள் ஆகியவற்றில் வேலை நிறைய மிச்சமிருக்கிறது.

என்னைக் கேட்டால் அத்திக்குளவிகளைச் சொல்வேன். அத்தி, ஆல், அரசு, பாறையிடுக்கில் வேர்விடும் இச்சி என இந்த மரப் பேரினம் மதுரை வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறது. கண்மாய்க் கரையில் நிற்கும் ஒரு மரத்தைக்கொண்டே ஆண்டு முழுவதும் வேலை செய்யலாம். அத்தியின் மகரந்தத்தைச் சுமக்கும் குளவியான செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸுக்கு ஆஸ்திரியரான குஸ்தாவ் மேயர் 1885இலேயே பெயர் வைத்துவிட்டார். ஆலுக்கு யூப்ரிஸ்டினா மசோனியும், அரசுக்கு பிளாட்டிஸ்கேப்பா குவாட்ராட்டிசெப்ஸும் அதே பணியைச் செய்கின்றன. ஆயினும் இந்தக் காய்களுக்குள் மகரந்தச் சேர்க்கையில் பங்கேற்காத வேறு குளவிகளும் வளர்கின்றன. அவற்றைப் பற்றிய அறிவு இன்னும் குறைவு.

முதிர்ந்து, மென்மையாகத் தொடங்கும் தறுவாயில் உள்ள ஓர் அத்திக்காயைப் பிளேடால் இரண்டாக வெட்டி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள் அடர்ந்திருக்கும். சில விதையாகியிருக்கும், சில உப்பிய கொப்புளங்களாக இருக்கும். முதலில் வெளிப்படுபவை இறக்கையற்ற, வெளிறிய பழுப்பு நிற ஆண்கள். அவை பெண்கள் அடைபட்டிருக்கும் கொப்புளங்களில் துளையிட்டு உள்ளிருக்கும் பெண்ணோடு இணைகின்றன. பிறகு ஒன்றுசேர்ந்து காயின் சுவரைக் குடைந்து வழி திறக்கின்றன. கருநிறப் பெண்கள் மகரந்தத்தை மார்புப் பகுதியின் பைகளில் நிரப்பிக்கொண்டு அந்த வழியாக வெளியேறும்போது, வாயிலில் முசுறு எறும்புகள் பெரும்பாலும் காத்திருக்கும். தப்பிய பெண் இன்னொரு மரத்தின் இளங்காய்க்குள் நுழைகையில், நுழைவாயிலின் செதில்களில் சிக்கி இறக்கைகளை இழக்கிறது. மற்றக் குளவிகளோ பெரும்பாலும் காய்க்கு வெளியே நின்று, நீண்ட ஊசி போன்ற குழலால் சுவரைத் துளைத்து முட்டையிடுகின்றன. காய் வளர வளரச் சுவர் தடிப்பதால், பிந்தி வந்து முட்டையிடுபவற்றின் குழல் பொதுவாக நீளமாக இருக்கும். ஆகவே எந்த வளர்ச்சி நிலையில் எந்தக் குளவி வந்தது என்பதைக் குறித்து வைப்பது பிறகு சிற்றினங்களைப் பிரிக்க நேரடியாக உதவும். மாதிரி சேர்க்க, இத்தகைய காய்களை மெல்லிய துணியால் வாய் கட்டிய கண்ணாடிப் போத்தலில் இரவு முழுவதும் வைத்தால் போதும். ஒரு போத்தலுக்கு ஒரே மரத்தின் காய்கள் என்ற கட்டுப்பாட்டை மட்டும் மீறக் கூடாது.

அனுமதி

காப்புக்காடுகளில் வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் ஓர் எறும்பையும் எடுக்கக் கூடாது. அழகர்மலை, சிறுமலை, மேகமலை ஆகிய இடங்களுக்குச் செல்ல எண்ணுபவர்கள் ஒரு கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. மழைக்காலத்தில் களத்துக்குப் போக வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் பரப்பு 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் கேட்டே சேகரிக்க வேண்டும். பட்டா நிலத்திலும் உரிமையாளரிடம் ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது, இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கெரிப்பவரைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுவார்கள். வெளிநாட்டு வல்லுநருக்கு மாதிரிகளை அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்து உரிய ஒப்புதலைப் பெறாமல் ஒரு கால் துண்டைக்கூட அஞ்சலில் போடாதீர்கள்.

சேகரிப்பும் சீட்டும்

சிறு குளவிகளுக்கு மஞ்சள் தட்டே எளிய கருவி. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகள் விட்டுத் தரையில் வைத்தால், நிறத்தால் கவரப்பட்டு இறங்குபவை மூழ்கிவிடும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்குள் தண்ணீர் வற்றிவிடும் என்பதால் காலையில் வைத்து முற்பகலிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். செடிகளில் வாழ்பவற்றுக்கு வீச்சு வலையும், கிளைக்கடியில் விரித்துப் பிடிக்கும் குடையும் போதும். சருகைச் சலித்துப் புனலில் இட்டு மேலே மின்விளக்கு எரியவிட்டால், வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சி உயிர்கள் கீழே இறங்கி எத்தனாலில் விழும். விளக்குத் துணி நிலவற்ற இரவில் நன்றாக வேலை செய்யும், ஆனால் மழை பெய்து ஈசல் கிளம்பும் மாலையில் அதைக் கட்டாமல் இருப்பதே மேல். மதுரைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்வரும் வாரங்களே வளமானவை.

எந்த முறையில் பிடித்தாலும் மாதிரியின் மதிப்பு அதன் சீட்டில்தான் இருக்கிறது. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அதற்குள் சரியான இடம், தசம இலக்கத்தில் நான்கு இடங்கள் வரை அட்சரேகையும் தீர்க்கரேகையும், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்த முறை, பிடித்தவர் பெயர், எந்தச் செடியில் என்ற விவரம் ஆகிய அனைத்தும் மாதிரியோடேயே இருக்க வேண்டும். குறிப்பேட்டில் எழுதி எண்ணை மட்டும் சீட்டில் போடும் பழக்கம் குறிப்பேடு தொலைந்த அன்றே முடிந்துவிடும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது மரபு, நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்படுவதை அது தடுக்கிறது.

பழைய சீட்டுகளைப் படிப்பவருக்கு நம் ஊர் தொடர்பாக ஓர் எச்சரிக்கை. ஆங்கிலேயர் காலத்தில் மதுரையை ‘மதுரா’ என்றே எழுதினார்கள், மதுரா மாவட்டமோ கொடைக்கானலையும் பெரியகுளத்தையும் திண்டுக்கல்லையும் உள்ளடக்கியிருந்தது. திண்டுக்கல் 1985இலும் தேனி 1996இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. போதாக்குறைக்கு, ஜாவாவை ஒட்டி மதுரா என்ற பெயரிலேயே இந்தோனேசியத் தீவு ஒன்றும் இருக்கிறது. ஆகவே ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையான மாதிரியின் சீட்டில் ‘மதுரா’ என்று மட்டும் இருந்தால், அது வைகைக் கரையிலிருந்து வந்ததா, பழனி மலையின் சோலையிலிருந்து வந்ததா, வேறொரு நாட்டிலிருந்து வந்ததா என்பதை, சேகரித்தவரின் பயண விவரத்தைத் தேடிப் பிடித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசை நாதன் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிய பூச்சிகளின் சீட்டுகளில் ஊரும் மலையும் அடிக்கணக்கில் உயரமும் மாதமும் இருக்கும். ‘ஆனைமலை, சின்கோனா, 3500 அடி’ என்ற அளவுக்கு அவர் எழுதியதால்தான் இன்றும் அந்த இடத்துக்கே போய் அதே பூச்சியைத் தேட முடிகிறது.

பாதுகாத்தல்

வண்டுகளை வலது மேலிறக்கையின் வழியாகவும், நாவாய்ப் பூச்சிகளை முதுகு முக்கோணத்தின் வலப்பக்கத்திலும் குத்துவது உலக வழக்கம். இடப்பக்கமேனும் சேதமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே காரணம். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைக் குத்தாமல், கூர்மையாக வெட்டிய அட்டை முனையில் நீரில் கரையும் பசையால் ஒட்ட வேண்டும். டி.என்.ஏ. எடுப்பதற்கான மாதிரிகளை 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். 70 சதவீத எத்தனால் உடலமைப்பைக் காக்கும், மரபணுவுக்குப் போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அவ்வாறே. மழைக்காலத்தில் பெட்டிகளில் பூஞ்சையும், ஆண்டு முழுவதும் உலர்ந்த பூச்சிகளைத் தின்னும் சிறு வண்டுகளும் வரும். காற்றுப் புகாத பெட்டியும் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கமும் இல்லாதவர் மாதிரிகளை உடனே ஒரு நிறுவனத்தில் ஒப்படைத்துவிடுவது நல்லது.

ஒப்பிடுதல்

இங்குதான் பொறுமை தேவை. எடுத்துக்கொண்ட பேரினத்தில் அறியப்பட்ட எல்லாச் சிற்றினங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றின் மூல விவரணையையும் திரட்ட வேண்டும். மூல விவரணை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பிற்கால நூல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவையாக இருக்கலாம், பண்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரைக் கண்டறிய உதவும் அடையாள அட்டவணைகள் பாதி மாதிரிகளுக்கு வழிகாட்டாமல் நின்றுவிடலாம். 19ஆம் நூற்றாண்டு விவரணைகள் இலத்தீனிலும் ஜெர்மனிலும் நான்கு வரிகளில் முடிந்துவிடும். ‘கறுப்பு, கால்கள் மஞ்சள்’ என்ற வரி பத்துச் சிற்றினங்களுக்குப் பொருந்தும். அத்தகைய நிலையில் சொற்களை நம்பாமல் ஹோலோடைப் என்ற பெயர்தாங்கி மாதிரியையே, அதாவது அந்தப் பெயர் எந்தப் பூச்சியைக்கொண்டு வைக்கப்பட்டதோ அந்த ஒற்றை மாதிரியையே பார்க்க வேண்டும். தென்னிந்தியப் பூச்சிகளின் பெயர்தாங்கி மாதிரிகள் கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்திலும், டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா தொகுப்பிலும், இலண்டன் முதலிய ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. மேயருடையவை வியன்னாவில் இருக்கின்றன. பொறுப்பாளருக்கு எந்தக் கோணத்தில், எந்த உறுப்பின் படம் வேண்டும் என்று துல்லியமாக எழுதிக் கேட்டால் பல இடங்களில் படமெடுத்து அனுப்புகிறார்கள். ‘படம் அனுப்பவும்’ என்று மட்டும் எழுதினால் மேலிருந்து எடுத்த ஒரே படம் வரும், அதில் வேண்டியது தெரியாது.

புதியது என்ற எண்ணம் எழுந்தவுடன் அதைத் தகர்க்கப் பாருங்கள். மெலானிட்டிஸ் லேடா என்ற பட்டாம்பூச்சியின் மழைக்கால வடிவத்தில் தெளிவான கண்புள்ளிகள் இருக்கும், வறட்சிக்கால வடிவத்தில் அவை மங்கிச் சருகு நிறமாகிவிடும். இரண்டையும் பருவம் தெரியாமல் பார்ப்பவர் இரு சிற்றினங்கள் என்றே எண்ணுவார். பாப்பிலியோ பாலிட்டஸ் பட்டாம்பூச்சியின் பெண்கள் மூன்று வடிவங்களில் பறக்கின்றன. மியூட்டிலிடே குளவிகளில் ஆணுக்கு இறக்கை உண்டு, பெண் எறும்பைப் போல் தரையில் ஓடும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து நூறாண்டு கழித்து ஒன்றாக்கிய கதைகள் இந்தக் குடும்பத்தில் உண்டு. ஆகவே ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு அவசரப்படாமல், ஆணும் பெண்ணும் பல பருவங்களிலும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பல குழுக்களில் நிறமும் அளவும் ஏமாற்றும், ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் அவ்வளவாக ஏமாற்றாது. வயிற்றின் நுனியைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் தசை கரைந்து கடினப் பகுதி மட்டும் எஞ்சும். நீரில் கழுவி, கிளிசரினில் வைத்து, ஒவ்வொரு கோணத்திலும் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு சிறு குப்பியில் இட்டு அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்திவைக்க வேண்டும். படம் எடுக்கும் வசதி இருந்தாலும் கையால் வரையச் சொல்கிறேன், ஏனெனில் வரையும்போதுதான் ஒரு முள் அங்கே இருக்கிறதா இல்லையா என்று கண் உண்மையிலேயே தேடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு அது ஏற்கெனவே பெயர் பெற்றது என்று தெரியவந்தால் உழைப்பு வீணாகிவிடாது. இதுவரை அறியப்படாத ஆணை விவரிப்பதும், தமிழ்நாட்டில் முதல் பதிவு என்று வெளியிடுவதும், எந்தச் செடியில் வாழ்கிறது என்று சொல்வதும் வெளியிடத் தகுந்த ஆய்வுகளே.

மரபணுவும் பரிணாமமும்

மைட்டோகாண்டிரியாவில் உள்ள சி.ஓ.1 மரபணுவின் 658 எழுத்துகளைப் படித்துச் சிற்றினங்களை அடையாளம் காணும் முறை 2003 முதல் பரவலாகியிருக்கிறது. ஒரே சிற்றினமென்று எண்ணப்பட்ட அத்திக்குளவிகள் இந்த ஆய்வில் ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளாகப் பிரிந்ததும் உண்டு. ஆயினும் இரண்டு, மூன்று சதவீத வேறுபாட்டை எல்லைக்கோடாகக் கொண்டு அதைத் தாண்டியதையெல்லாம் புதிய சிற்றினம் என்று அறிவிப்பதை நான் ஏற்பதில்லை. உல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியாகப் பரவும்போது மைட்டோகாண்டிரியாவையும் தன்னோடு இழுத்துச் செல்வதால், வேறு வேறு சிற்றினங்கள் ஒன்றுபோலவும் ஒரே சிற்றினம் இரண்டாகவும் தோன்றக்கூடும். உட்கருவில் உள்ள ஒரு மரபணுவையேனும் உடன் படித்து, அதுவும் உடலமைப்பும் வாழ்முறையும் ஒரே பிரிவைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, புதிய சிற்றினம் எந்தக் கிளையில் அமைகிறது என்ற கேள்வி. நெருங்கிய உறவினங்களோடு, அந்தக் குழுவுக்கு வெளியிலிருந்தும் ஒன்றிரண்டைச் சேர்த்துப் பரிணாம மரம் வரைய வேண்டும். வெளிக்குழு இல்லாமல் எந்தப் பண்பு பழையது, எது புதிதாகத் தோன்றியது என்று சொல்ல இயலாது. அழகர்மலையும் சிறுமலையும் கரந்தமலையும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சமவெளியால் பிரிந்து நிற்பதால், பறக்க இயலாத ஒரு சருகு வண்டு ஒவ்வொரு மலையிலும் தனியாகப் பரிணமித்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றும். எண்ணலாம், ஆனால் அழகர்மலையிலும் பழனி மலையிலும் மட்டும் சேகரித்துவிட்டு வேறுபாடு இருக்கிறது என்று எழுதக் கூடாது. இடையிலுள்ள மலைகளிலும் அடிவாரங்களிலும் தேடினால் அந்த வேறுபாடு சிறிது சிறிதாக மாறிச் செல்வது தெரியவரலாம், அப்போது அது ஒரே சிற்றினத்தின் இடவேறுபாடு. பிரிந்த காலத்தைக் கணக்கிடுவோர் 10 இலட்சம் ஆண்டுக்கு 2.3 சதவீத மரபணு வேறுபாடு என்ற வேகத்தைப் பல ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். குழுவுக்குக் குழு வேகம் மாறும் என்பதால் தொல்லுயிர்ச் சான்று இல்லாதபோது அந்த எண்ணைப் பெரும் இடைவெளியோடுதான் தர வேண்டும். அத்தி மரங்களும் அவற்றின் குளவிகளும் ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகளாக இணைந்து பரிணமித்து வருவதாக மதிப்பிட்டபோதுகூட, இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான சிற்றினங்களின் மரங்களை ஒப்பிட்ட பிறகே சொன்னார்கள். ‘இந்தக் கொம்பு இந்த வேலைக்காகத் தோன்றியது’ என்பது போன்ற வரியை, அந்த வேலையைக் கண்ணால் பார்க்காதவர் கட்டுரையிலிருந்து அடித்துவிட வேண்டும்.

எழுதுதல், பெயரிடுதல், வெளியிடுதல்

1999க்குப் பின் வெளியாகும் எந்தப் பெயரும் செல்லுபடியாக, அது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகக் குறித்திருக்க வேண்டும், ஹோலோடைப் எது என்று சுட்டியிருக்க வேண்டும், அது எந்தத் தொகுப்பில் வைக்கப்படும் என்று கூறியிருக்க வேண்டும். 2012 முதல் மின்னிதழில் மட்டும் வெளிவரும் கட்டுரைகள் விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் முன்பே பதியப்பட்டு, அதற்கான சான்றைக் கட்டுரையிலேயே கொண்டிருக்க வேண்டும். படத்தை மட்டும் வைத்துப் பெயரிடலாமா என்ற விவாதம் 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்று அவ்வாறு விவரிக்கப்பட்டபோது பெரிதாக எழுந்தது. தொடங்குபவர் அந்த வழியில் போகாதிருப்பதே நல்லது.

கட்டுரையில் மிகுந்த கவனம் பெற வேண்டியது வேறுபடுத்தும் குறிப்பு. நீண்ட உடல் விவரணையைப் பலர் படிக்கமாட்டார்கள். ‘மிக நெருங்கிய இன்ன சிற்றினத்திலிருந்து, உணர்கொம்பின் மூன்றாம் கணு இரண்டாவதைவிட நீளமாக இருப்பதாலும், முன்னிறக்கையில் இன்ன நரம்பு இல்லாததாலும் வேறுபடுகிறது’ என்ற இரண்டு வரிகளைத்தான் அடுத்து வருபவர் தேடுவார். அளவுகளை ஒரு மாதிரிக்குத் தராமல் எல்லா மாதிரிகளின் வீச்சாகத் தாருங்கள். முடிந்தால் அப்பகுதியின் எல்லாச் சிற்றினங்களுக்கும் அடையாள அட்டவணை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

பெயர் வைப்பதில் விதி தரும் உரிமை பெரிது. இடப்பெயரானால் பேரினத்தின் பாலுக்கேற்ப ‘என்சிஸ்’ அல்லது ‘என்சே’ என்ற விகுதியும், ஓர் ஆணின் பெயரானால் ‘இ’யும், பெண்ணின் பெயரானால் ‘ஏ’யும் சேரும். தன் பெயரையே வைத்துக்கொள்ள விதி தடை சொல்லவில்லை, ஆனால் துறையில் யாரும் மதிக்கமாட்டார்கள். அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டில் வைத்த பெயர் பொதுவாகச் செல்லாது. கட்டுரை வெளிவருமுன் நாளிதழுக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ பெயரைச் சொல்லிவிட்டால் தேவையற்ற குழப்பம் பிறக்கும். ஜூடாக்சா என்ற இதழில் கட்டணமின்றி வெளியிடும் வழி இருக்கிறது. கோவையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்சாவும் நம் பகுதிப் பூச்சிகளுக்கு ஏற்ற இதழ். மதிப்பாய்வே இல்லாமல் பணம் வாங்கி ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களில் போட்டால் பெயர் சட்டப்படி நிலைத்துவிடும், பிழைகளும் அதனோடு நிலைத்துவிடும்.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, புதிதாகக் கண்டறியப்பட்ட எதையும் அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியங்களுக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகமும், பூச்சிகளுக்கு பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனமும் அத்தகைய களஞ்சியங்கள். ஹோலோடைப்பில் சிவப்புச் சீட்டுக் குத்தி, கட்டுரையில் உள்ள எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்து அனுப்புங்கள். பாராடைப்புகளை, அதாவது விவரணைக்குப் பயன்பட்ட மற்ற மாதிரிகளை, இரண்டு வேறு நிறுவனங்களில் பிரித்து வையுங்கள். மதுரையில் ஓர் இணையை ஏதேனும் ஒரு கல்லூரித் தொகுப்பில் வைக்க முடிந்தால், அடுத்து இதே மரத்தடிக்கு வரும் மாணவர் ஒப்பிட்டுப் பார்க்க கொல்கத்தாவுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியிராது.